நோ டிஸ்ப்ளே

ராத்திரி பத்து மணி ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் வல்லம் வடகால் முனைக்கு ஒன்பதேகாலுக்கு வந்துவிடும். எட்டு மணிக்குப் பக்கத்து அறைத் தம்பி என் கதவைத் தட்டினான். கையில் லேப்டாப். அதன் அடிமூடி தனியாக அக்குளில். சட்டைப் பையில் ஸ்குரூக்கள் கலகலத்தன.

“அண்ணா, மதர்போர்டு போயிடுச்சுண்ணா.”

டிப்ளமோ முடித்துவிட்டு இந்தப் பக்கம் டிரெய்னியாக வந்தவன். லேப்டாப்பில் 4 ஜிபி ராம். வரைபட மென்பொருளைத் திறந்தால் டீ குடித்துவிட்டு வரலாம். இன்னொரு 8 ஜிபி போட்டால் தேவலை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். புதுசின் விலை கேட்டு மிரண்டுபோயிருக்கிறான். அவன் மிரண்டதில் தப்பில்லை. உலகத்து ராம் சிப்களில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர் கூடங்கள் அவர்களிடம் கேட்கிற சரக்கு ஏற ஏற, 2025 கடைசியில் சில்லறை விலை எகிறிவிட்டது. அந்த டிசம்பரில் மைக்ரான் தன்னுடைய குரூஷியல் என்ற சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. ஆகவே தம்பி லீவு நாளில் பஸ் பிடித்துச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், பழைய ஸ்டிக் ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். ஒரு வாரம் டெஸ்டிங் வாரண்டி. பில் கிடையாது.

போட்டான். பவர் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது. திரை மட்டும் கறுப்பு. சர்வீஸ்காரர்கள் மொழியில் இதற்குப் பெயர் ‘நோ டிஸ்ப்ளே’. பத்து எண்ணிப் பார்த்து அணைத்திருக்கிறான், மறுபடி போட்டிருக்கிறான். இப்படி எட்டுத் தடவை.

அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கை அவ்வளவு பதறாது. பவர் பட்டனை அழுத்தியதும் எழுந்திருப்பது விண்டோஸ் இல்லை. போர்டிலேயே ஒரு சிறு சிப்பில் குடியிருக்கும் பயாஸ். அது வேலை பார்க்க நினைவகம் வேண்டும். ஆனால் ராம் இன்னும் தயாராகவில்லை. தயார்ப்படுத்த வேண்டியதே அதுதான். அதனால் பிராசசருக்குள் இருக்கும் கேஷ் என்ற சின்ன இடத்தையே தற்காலிக ராமாக வைத்துக்கொண்டு தொடங்குகிறது. சத்திரத் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுக் கணக்கு எழுதுவது போல. திரையில் ஒரு எழுத்துக் காட்டவேண்டும் என்றாலும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், படத்தை வைக்கிற இடமும் அதே ராம்தான். ஆகவே ராம் சரியாகும்வரை இயந்திரத்துக்கு வாய் கிடையாது. விளக்கு மினுக்கும், சில கம்பெனி லேப்டாப்களில் பீப் ஒலிக்கும். எத்தனை மினுக்கலுக்கு என்ன பொருள் என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி. மாடல் பெயரைப் போட்டு அந்தக் கம்பெனியின் கையேட்டில் பார்ப்பது ஒன்றே வழி. இதில் ஒரு சின்னச் சோதனை உண்டு. கறுப்புத் திரை இருக்கும்போதே கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப்பாருங்கள். தட்டத் தட்ட விளக்கு எரிந்து அணைந்தால் இயந்திரம் பெரும்பாலும் ராம் கட்டத்தைத் தாண்டிவிட்டது, கோளாறு திரையிலோ அதன் கேபிளிலோ இருக்கும். தம்பியின் லேப்டாப்பில் விளக்கு விசைக்குக் கட்டுப்படவில்லை. தன் தாளத்தில் மினுக்கிக்கொண்டே இருந்தது.

பயாஸ் முதலில் ஸ்டிக்கின் ஜாதகத்தைப் படிக்கிறது. ஒவ்வொரு ஸ்டிக்கின் மேலும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப் தனியாக இருக்கும். டிடிஆர்4 வகையில் அதில் 512 பைட். எஸ்பிடி என்பார்கள். எவ்வளவு கொள்ளளவு, எந்த வேகம், எத்தனை வோல்ட், எந்தக் காரியத்துக்கு எத்தனை துடிப்புக் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். எழுதியதைத் திருத்தவும் முடியும். கறுப்புச் சந்தையில் ஜாதகம் மாற்றிய ஸ்டிக்குகள் வருவது அதனால்தான்.

ஜாதகம் பார்த்தபின் நடப்பதுதான் நேரம் பிடிக்கிற காரியம். அதற்கு டிரெய்னிங் என்று பெயர். தம்பியின் ஸ்டிக் 2666 வகை: ஒவ்வொரு கம்பியிலும் வினாடிக்கு 266.6 கோடி பிட் ஓட வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நானோ வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதற்குள் வெளிச்சமே பதினோரு சென்டிமீட்டர்தான் போகும். போர்டின் செப்புத் தடத்தில் மின்குறி அதில் பாதி தூரம், ஐந்தாறு சென்டிமீட்டர். ராம் ஸ்டிக்கோ ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் நீளம். அதாவது ஸ்டிக்கின் ஒரு முனைச் சிப்புக்குக் கட்டளை வந்து சேரும்போது மறுமுனைச் சிப்புக்கு இன்னும் வந்திருக்காது. இந்தப் பிந்தலை ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாக அளந்து, எப்போது எழுதுவது, எப்போது படிப்பது என்று பயாஸ் நேரம் குறிக்கிறது. தெரிந்த எண்களை எழுதிப் படித்துப் பார்க்கும். தப்பினால் மயிரிழை நகர்த்தி மறுபடி. ஒரு தடவை கண்டுபிடித்த அளவுகளைச் சேமித்துக்கொள்வதால் அடுத்த நாள் சட்டென்று எழுந்துவிடுகிறது. புது ஸ்டிக் வந்த முதல் தடவை மட்டும் அரை நிமிடம், ஒரு நிமிடம், டிடிஆர்5 என்றால் சில நிமிடங்கள்கூடத் திரை கறுத்தே கிடக்கும். நடுவில் தானாக ஒன்றிரண்டு முறை அணைந்து எழுவதும் உண்டு.

பத்து வினாடிக்கு ஒரு முறை தம்பி அதைப் பிடரியில் தட்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்திருக்கிறான். என் கணிப்பில் ராம் மாற்றி ‘போர்டு போச்சு’ என்று கடைக்கு வருகிற லேப்டாப்களில் கணிசமானவை இந்த அவசரத்தின் பிள்ளைகள்.

நான் இதே வட்டாரத்தில் போர்டு அசெம்பிளி லைனில் டெஸ்டிங் பிரிவில் பல வருடம் நின்றவன். அங்கே முதல் பாடம்: கோளாறு எங்கே என்று தெரியுமுன் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஆகவே புது ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு அவனுடைய பழைய 4 ஜிபியை மட்டும் பழைய ஸ்லாட்டில் போடச் சொன்னேன்.

அவன் கை நேராக ஸ்லாட்டுக்குப் போனது. தடுத்தேன். சார்ஜரைப் பிடுங்கியிருந்தான், சரி. உள்ளே பேட்டரி இணைப்பு அப்படியே இருந்தது. பழைய லேப்டாப்களில் பேட்டரியை வெளியிலிருந்தே கழற்றலாம். இப்போது அது மூடிக்குள் திருகப்பட்டிருக்கிறது. லேப்டாப் தூங்கும்போதும் ராமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் திறந்து வைத்த வேலை அழிந்துவிடும். அந்த நிலையில் ஸ்டிக்கை உருவினால் நல்ல போர்டும் நிஜமாகவே போகக்கூடும். பேட்டரி இணைப்பை நகத்தால் நெம்பி எடுத்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கியிருந்த மின்னூட்டத்தை வடித்தோம்.

இன்னொன்றும் கவனித்தேன். அவன் பாலியஸ்டர் போர்வை விரித்த கட்டிலில் உட்கார்ந்து இத்தனையையும் செய்திருக்கிறான். ஆலையில் இதே பையன் லைனுக்குள் நுழையுமுன் மணிக்கட்டில் பட்டை கட்டி, செருப்பில் ஹீல் ஸ்ட்ராப் மாட்டி, தகட்டில் ஏறி நின்று, பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே போவான். அந்த மணிக்கட்டுப் பட்டையின் கம்பிக்குள் ஒரு மெகா ஓம் மின்தடை இருக்கிறது; உடம்பில் சேர்ந்த நிலைமின்னை மெதுவாகத் தரைக்கு இறக்குவதற்கு. நம் விரலுக்குச் சுரீர் என்று உறைக்கவே மூவாயிரம் வோல்ட் பக்கம் வேண்டும். சிப்புக்கு அதில் சிறு பங்கே போதும். உடனே சாகாமல் ஊமைக் காயத்தோடு ஓடி, ஆறு மாதம் கழித்துத் தகராறு செய்கிற சிப்பும் உண்டு. இந்த வட்டாரத்தில் 2006இல் நோக்கியா ஆலை தொடங்கியதிலிருந்து, மறு வருடம் டெல்லின் கம்ப்யூட்டர் ஆலை, இன்றைக்கு வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் திறந்த 18,720 பேர் தங்கும் விடுதிவரை, நிலைமின்னுக்குப் பயந்து பட்டை கட்டிய கைகள் எத்தனை ஆயிரம் என்று எண்ணிச் சொல்ல முடியாது. அறைக்கு வந்ததும் எல்லாருக்கும் மறந்துவிடுகிறது. நம் ஊர்ப் புழுக்கம் காப்பாற்றுகிறது என்பது பாதி உண்மை. ஈரக் காற்றில் நிலைமின் குறைவுதான். ஏசி போட்ட அறையில் அந்தச் சலுகை கிடையாது. பருத்தித் துண்டு விரித்துத் தரையில் உட்காரவைத்தேன். ஸ்டிக்கைத் தொடுமுன் ஜன்னல் கம்பியைத் தொடச் சொன்னேன். வீட்டில் இந்த அளவு போதும்.

பழைய ஸ்டிக்கைப் போட்டு, பட்டனை அழுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். இருபத்திரண்டு வினாடி. கம்பெனி லோகோ வந்தது. தம்பி முகத்தில் வந்ததை எழுதத் தெரியவில்லை. போர்டு உயிரோடு இருக்கிறது.

இப்போது புது ஸ்டிக். புது என்றால், யாருடைய லேப்டாப்பிலோ உழைத்து வந்தது. செல்போன் டார்ச்சில் சாய்த்துப் பார்த்தோம். அடிவிளிம்பில் தங்கப் பட்டைகள்: டிடிஆர்4 லேப்டாப் ஸ்டிக்கில் இரு பக்கமும் சேர்த்து 260. நடுவில் பட்டைகளின் மேல் பெருவிரல் அகலத்துக்கு ஒரு மங்கல். ஓரத்தில் சோற்றுப் பருக்கையைவிடச் சிறிதாக ஒரு வெள்ளைப் பொட்டு. காய்ந்த தெர்மல் பேஸ்ட். தங்கம் துருப்பிடிக்காது என்பது நகைக்கடைத் தங்கத்துக்குச் சரி. இங்கே பூசியிருப்பது ஒரு மைக்ரானுக்கும் குறைவான தோல். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள், அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. விரல் எண்ணெயும் தூசியும் படிந்தால் 260இல் ஒன்று தொடாமல் போனாலே ஸ்டிக் வேலைக்கு ஆகாமல் போகலாம். பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பது ரிச்சி தெருவில் காலங்காலமாக நடக்கும் வைத்தியம். பலிக்கிறது. ஆனால் ரப்பர் அந்த மெல்லிய தோலையும் உரிக்கும், தூளும் ஸ்லாட்டுக்குள் போய் விழும். லைனில் நாங்கள் ஐபிஏ என்று சொல்லும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்னிடம் ஒரு சீசா இருந்தது. பஞ்சில்லாத துணியில் நனைத்து, விளிம்பை நோக்கி ஒரே திசையில் துடைத்தோம். துணியில் பழுப்புக் கோடு விழுந்தது.

ஒட்டியிருந்த காகிதத்தையும் படித்தோம். பிசி4, 2666வி, 1ஆர்எக்ஸ்8. முதல் பகுதி டிடிஆர்4 என்கிறது. கடைசிப் பகுதி, எட்டு பிட் அகலமுள்ள சிப்கள் ஒரு வரிசை என்கிறது. எட்டு எட்டாக 64 பிட். பழைய ஸ்டிக் 2400. இரண்டும் சேர்ந்தால் வேகம் குறைந்ததன் நடைக்கே ஓடும், அதில் சண்டை வராது. டிடிஆர்3 ஸ்டிக்கும் டிடிஆர்4 ஸ்டிக்கும் மாறிப்போகவும் வழியில்லை. நடு வெட்டு இடம் மாறியிருப்பதால் உட்காராது. வலுக்கட்டாயமாக அழுத்தி ஸ்லாட்டை உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.

உண்மையான கண்ணி டிடிஆர்3 காலத்து லேப்டாப்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினார்கள் அல்லவா? அந்தத் தலைமுறை இயந்திரங்கள் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் உயிரோடு இருக்கின்றன. தம்பி தங்கைகளுக்காக அவற்றில் பழைய ராம் போடுகிறவர்கள் உண்டு. டிடிஆர்3 கேட்பது 1.5 வோல்ட். அதே வெட்டு, அதே 204 பட்டைகளோடு டிடிஆர்3எல் என்று ஒன்று பின்னால் வந்தது, அது 1.35 வோல்ட்டிலும் ஓடும். எல் போட்டது பழைய லேப்டாப்பில் ஓடிவிடும். எல் இல்லாததை 1.35 மட்டுமே தருகிற பிந்தைய லேப்டாப்பில் போட்டால் அழகாக உட்கார்ந்து, கிளிக் என்று சத்தமும் கொடுத்து, திரையை மட்டும் காட்டாது. காகிதத்தில் பிசி3 என்பதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில் அத்தனையும் அடங்கிக் கிடக்கிறது.

ஸ்டிக்கைச் சாய்வாக, முப்பது டிகிரி போல், தங்கப் பட்டை அனேகமாக மறையும்வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அமுக்கினோம். இரண்டு பக்கக் கொக்கிகளும் ஒரே நேரத்தில் கிளிக் என்றன. முதல் தடவை தம்பி போட்டபோது ஒரு பக்கம்தான் கேட்டது என்று இப்போது ஒப்புக்கொண்டான். பழைய ஸ்டிக்கை வெளியே வைத்து, புதிதை மட்டும் தனியாகப் போட்டு, பேட்டரியை மாட்டிப் பட்டனை அழுத்தினேன். கையைக் கட்டிக்கொள் என்றேன். இருபது. நாற்பது. தானாக அணைந்து எழுந்தது. “அண்ணா...” என்றான். எழுபத்தோராவது வினாடியில் லோகோ.

“ஓகேண்ணா! ரெண்டையும் போட்டுடலாமா?”

பொறு என்றேன். பூட் ஆவது ஒன்று, நம்பத் தகுவது வேறொன்று. 8 ஜிபி என்றால் ஏறக்குறைய 6,872 கோடி சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்ட் 1966இல் கண்டு, 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை. கெப்பாசிட்டரில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. ஆனால் அது ஓட்டைக் குடம், கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி வினாடிக்குள் அத்தனை அறைகளையும் படித்துப் பார்த்து மறுபடி நிரப்பியாக வேண்டும்; வினாடிக்குப் பதினைந்து சுற்று. வயதாக ஆகச் சில குடங்கள் வேகமாகக் கசிகின்றன. சூடேறிக் குளிர்ந்து சாலிடர் இணைப்பில் மயிரிழை விரிசல் விடுகிறது. லோகோ வரை எழுவதற்கு இந்த 6,872 கோடியில் சிறு பகுதியே போதும். கெட்ட குடம் மூன்றாவது ஜிபியில் இருந்தால், பிரவுசரில் இருபது பக்கம் திறந்த பிறகுதான் நீலத் திரை வரும். அல்லது நீலத் திரையே வராமல், சேமித்த கோப்பில் ஒரு எண் மட்டும் மாறியிருக்கும். அது இன்னும் மோசம்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கூகுளைச் சேர்ந்த இருவருடன் சேர்ந்து, அந்தக் கம்பெனியின் சர்வர்களில் இரண்டரை ஆண்டு எடுத்த பிழைக் கணக்கை 2009இல் வெளியிட்டார். ஒரு வருடத்தில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ஸ்டிக்குகளில் குறைந்தது ஒரு பிழை. பத்துப் பதினெட்டு மாதம் உழைத்த பிறகு பிழை கூடியது. அவர்கள் வியந்த இன்னொன்று: விண்வெளிக் கதிர் வந்து தட்டிவிட்டுப் போகிற தற்செயல் பிழைகள்தான் அதிகம் என்று அதுவரை நினைத்திருந்தார்கள், அதே ஸ்டிக்கில் திரும்பத் திரும்ப வருகிற நிரந்தரக் கோளாறுதான் மிகுதியாகத் தெரிந்தது. சர்வரில் பிழையைப் பிடித்துத் திருத்தக் கூடுதல் சிப் உண்டு. நம் லேப்டாப்பில் அந்தக் காவல்காரன் இல்லை.

பென்டிரைவில் மெம்டெஸ்ட்86+ ஏற்றிப் போட்டுவிட்டு, தம்பி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். விண்டோஸுக்கு வெளியே, தனியாக ஓடுகிற இலவச நிரல் அது. ஒவ்வொரு அறையிலும் விதவிதமாக எழுதி, அப்படியே இருக்கிறதா என்று படிக்கும். ஒன்றாவது சுற்று சுத்தம். எனக்கும் கொஞ்சம் திருப்திதான். பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். இரண்டாவது சுற்றில் சிவப்பு வரிகள். பதினான்கு பிழை. முகவரிகள் எல்லாம் ஒரே பேட்டையில். தப்பிய பிட்டைக் காட்டும் பகுதியில் ஒவ்வொரு வரியிலும் 00000400. பதினாறடிமான எண்ணில் அதற்குப் பொருள், எப்போதும் பிட் எண் 10 மட்டும் புரள்கிறது என்பது. எட்டு சிப்களில் ஒரே ஒரு சிப்பில், ஒரு மூலையில், சில குடங்கள். மற்ற ஏழு சிப்களும் சொக்கத் தங்கம். கூடவே இன்னொன்றையும் பார்த்தேன்: பிழை முதல் சுற்றில் வரவில்லை, ஸ்டிக் சூடேறிய பிறகே வந்தது. சூட்டில் கசிவு கூடும்.

அடுத்த லீவில் தம்பி அதே கடைக்குப் போனான். கடைக்காரர் ஸ்டிக்கை வாங்கி, மேஜையில் மூடியில்லாமல் கிடந்த லேப்டாப்பில் செருகி, பட்டனைத் தட்டினார். லோகோ வந்தது. “ஓடுதே தம்பி” என்றார். அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு அவர் கையில் எத்தனை ஸ்டிக் வந்து போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ராத்திரி கொடுக்க முடியுமா? தம்பி போனில் சிவப்பு வரிகளின் படத்தைக் காட்டியிருக்கிறான். அவர் ஒரு நிமிடம் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை, டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது ஸ்டிக்கை மறுநாள் ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். காலை ஆறேமுக்காலுக்கு பஸ் அவனை இறக்கிவிட்டது. ஷூவைக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். சுற்று ஏழு, பிழை சுழி. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

“மூடியை மாட்டிடலாமாண்ணா?”

மாட்டினோம். பத்து ஸ்குரூவுக்கு ஒன்பதுதான் இருந்தது.